சிறையில் இருப்பவரை எப்படி நேரில் அழைத்து வருவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் சட்டக் கேள்வி பதில் பகுதியை வாசித்தேன். விசாரணைக் கைதியாக இருக்கும் மகனிடம், அவன் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பவர் பத்திரம் எழுதி வாங்குவது எப்படி என்று ஒரு தாயார் கேட்டிருந்தார். உரியவரை நோட்டரி வக்கீல் முன்பு நேரில் நிறுத்திக் கையெழுத்துப் போடச் சொன்னால் போதும் என்று பதில் வந்திருக்கிறது. மகன் சிறையில் இருக்கிறான் என்று அந்த அம்மாள் முதல் வரியிலேயே எழுதியிருக்கிறார். பதில் எழுதியவர் அந்த வரியை வாசித்தாரா? அச்சுக்கு அனுப்பியவர்களாவது வாசித்திருக்க வேண்டாமா?

இதே பதிலை ஒவ்வொரு மேசையிலும் கேட்டு அலைந்தவன் நான். என் தம்பி ஒரு வழக்கில் ரிமாண்டில் பாளையங்கோட்டை மத்திய சிறையில் இருக்கிறான். வழக்கைப் பற்றி இங்கே பேச வரவில்லை. அதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். அவன் உள்ளே போன சில மாதங்களில் எங்கள் தாயாருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சைக்கு அவன் பெயரில் இருக்கும் நஞ்சையை விற்றுவிடுங்கள் அண்ணே என்று சிறையில் அவனைச் சந்திக்க மனுப் போட்டுப் பார்க்கப் போனபோது அவனே சொன்னான். விற்க வேண்டுமானால் எனக்கு அவன் பவர் கொடுக்க வேண்டும்.

தென்காசி 2019-இல் தனி மாவட்டமாகிவிட்டது. ஆனாலும் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மத்திய சிறை என்றால் பாளையங்கோட்டைதான். ஆலங்குளம் வழியாகப் பஸ் ஏறிப் போய், ஆதார் நகலோடு வரிசையில் நின்று, சில நிமிடம் முகம் பார்த்துத் திரும்ப ஒரு பகல் போய்விடும். அந்த அலைச்சலையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஊர்ப் பக்கத்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில், ஆள் இப்போது இருப்பது பாளையில், அங்கே கேளுங்கள் என்றார்கள். அங்கே கேட்டால், ஆதாரில் இருக்கும் முகவரி எங்கள் எல்லை இல்லை என்றார்கள். தம்பியை நேரில் அழைத்து வரச் சொன்னவர்களும் உண்டு. சிறையில் இருப்பவனை எங்கிருந்து ஐயா அழைத்து வருவது?

ஒரு நோட்டரி வக்கீல் சொன்னதை இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது. சிறைக்கு வர அவருக்கு நேரம் இல்லையாம். ஆனால் தம்பியின் கையெழுத்து எப்படி இருக்கும் என்று காட்டினால், ஆளைப் பார்க்காமலே முத்திரை வைத்துத் தருவாராம், கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால். மேசைமேல் மைப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டே சொன்னார். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். நேர் வழியில் போகிறவனுக்குக் கதவை அடைத்துவிட்டு, பொய்க் கையெழுத்துக்கு நாற்காலி போடுகிறார்கள். நாளை அந்தப் பத்திரம் செல்லாது என்று யாராவது வழக்குப் போட்டால் மாட்டிக்கொள்வது யார்? ஏற்கெனவே சிறையில் இருக்கும் தம்பியும் நானும்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 33-ஆம் பிரிவும் 38-ஆம் பிரிவும், சிறையில் இருப்பவர் பதிவு அலுவலகத்துக்கு வர வேண்டியதில்லை என்கின்றன. அதிகாரியே சிறைக்குப் போய் அவரை விசாரிக்கலாம். இல்லையென்றால் தன் சார்பில் விசாரித்து வர ஆணையர் ஒருவரை அனுப்பலாம். வெள்ளைக்காரன் காலத்திலேயே யோசித்து எழுதி வைத்த வழி இது. தேர்தலில் நிற்கும் ஒருவர் சிறையில் இருந்தால், வேட்பாளர் உறுதிமொழியைச் சிறைக் கண்காணிப்பாளர் முன்னிலையிலேயே எடுத்துக்கொள்ளத் தேர்தல் ஆணையம் இடம் கொடுத்திருக்கிறது. தாயின் சிகிச்சைக்குக் கையெழுத்துப் போட நினைக்கும் சம்சாரிக்கு மட்டும் வழி தெரியாமல் போகிறது.

எங்களுக்கு வழி காட்டியவர் சட்ட உதவிக்கு வந்த ஒரு இளம் பெண் வக்கீல். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும் வருமானக் கணக்குப் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு என்பதே அவர் சொல்லித்தான் தெரியும். சார்பதிவாளருக்கு ஒரு மனு, சிறை நிர்வாகத்துக்கு ஒரு மனு, இரண்டையும் அவரே எழுதினார். அதிகாரி சிறைக்கு வந்தார். பத்திரத்தை வரி வரியாக வாசித்துக் காட்டி, யாரும் மிரட்டினார்களா, மனமறிந்துதான் கொடுக்கிறாயா என்று கேட்டு, கையெழுத்தும் ரேகையும் வாங்கினார் என்று தம்பி சொன்னான். அவ்வளவுதான் வேலை. அதற்குள் தாயாரின் அறுவைச் சிகிச்சை வட்டிப் பணத்தில் முடிந்திருந்தது. நிலம் வாங்க வந்தவரும் எங்கள் அவசரம் தெரிந்து விலையைக் குறைத்துவிட்டார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தம்பி கைதான மறுநாள் அவன் பெயர், தகப்பனார் பெயர், தெருப் பெயர் எல்லாவற்றையும் பிழையில்லாமல் போட்டிருந்தீர்கள். எங்கள் தெருவில் இன்னொருவர் ஐந்தாறு வருடம் முன்பு விடுதலையானார்; அவர் கைதான செய்தியும் உங்கள் தாளில்தான் வந்தது. விடுதலைச் செய்தி ஒரு வரிகூட வரவில்லை. நாட்டில் சிறையில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள் என்று 2022-ஆம் ஆண்டுச் சிறைப் புள்ளிவிவரம் சொல்கிறது. அத்தனை பேருக்கும் வீடு உண்டு, வாசலில் கடன்காரர் உண்டு, பள்ளிக்குப் போகும் பிள்ளை உண்டு. கையெழுத்து வேண்டியிருக்காதா? அவர்கள் வீட்டாரும் காசு கொடுத்துத்தான் உங்கள் தாளை வாங்குகிறார்கள். என் தகப்பனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டில் வேறு தாள் வந்ததில்லை.

நான் கேட்பது பெரிதல்ல. வரும் ஞாயிறு அதே பகுதியில், அதே எழுத்தளவில் அந்தப் பதிலைத் திருத்தி வெளியிடுங்கள். மேலே சொன்ன இரண்டு பிரிவுகளையும், யாருக்கு மனுக் கொடுக்க வேண்டும் என்பதையும், சட்ட உதவிக்கான 15100 என்ற இலவச எண்ணையும் சேர்த்துப் போடுங்கள். கேள்வி கேட்ட அந்த அம்மாளின் முகவரி உங்களிடம் இருக்கும். அவருக்குத் தனியாக ஒரு கடிதமும் எழுதுங்கள். அவர் இந்நேரம் யாராவது ஒரு நோட்டரி வாசலில் நின்றுகொண்டிருப்பார்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
தென்காசி மாவட்டம்.