பயணப் படங்களுக்கும் நகரப் படங்களுக்கும் வாக்களிக்க அழைப்பு

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நீங்கள் எடுத்து அனுப்பியவற்றுள் பயணப் பிரிவில் 12, நகரப் பிரிவில் 12 என மொத்தம் 24 படங்கள் வாக்கெடுப்புக்கு வந்துள்ளன. வாட்ஸ்அப் வாக்கெடுப்பு ஒன்றில் 12 தெரிவுகளுக்கு மேல் இடமில்லை என்பதால், பிரிவுக்கு ஒன்றாக இரண்டு வாக்கெடுப்புகள் கீழே இடப்பட்டுள்ளன. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டுகிறோம்.

படங்களை விரலால் தள்ளிவிட்டுப் போகாமல், பெரிதாக்கிப் பாருங்கள். பயணப் பிரிவின் 7ஆம் படத்தில், 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் தேவாலயச் சுவர் இருக்கிறது. கைபேசித் திரையில் வெறும் இடிபாடாகத் தோன்றும் அந்தச் சுவர், பெரிதாக்கினால் பவளக் கற்களின் நுண்துளைகளையும், ஓர் இடுக்கில் சிக்கிக் கிடக்கும் மீன்வலையின் நீல இழையையும் காட்டுகிறது. நகரப் பிரிவின் 3ஆம் படத்தில், 1908இல் திறக்கப்பட்ட எழும்பூர் ரயில் நிலையத்தின் சிவப்பும் வெள்ளையும் மழைநீர்த் தேக்கத்தில் தலைகீழாக விழுந்திருக்கின்றன. இவை எடுத்துக்காட்டுகளே, பரிந்துரை அல்ல.

புகைப்படமாக அனுப்பும்போது தெளிவு குறைந்துவிடுவதால், எல்லாப் படங்களும் ஆவணக் கோப்புகளாகவே பகிரப்பட்டுள்ளன. எடுத்தவரின் பெயரைப் பார்த்து வாக்கு விழக்கூடாது என்பதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம். ஆகவே முடிவு வரும்வரை பெயர்கள் வெளியிடப்படா. உங்கள் சொந்தப் படத்துக்கு நீங்களே வாக்களிப்பதைத் தவிர்க்கவும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை இரவு 9 மணி வரை வாக்கை மாற்றிக்கொள்ளலாம். முடிவுகள் மறுநாள் காலை, படம் எடுத்தவர்களின் பெயர்களோடு இங்கேயே அறிவிக்கப்படும்.