ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஊதுபத்தியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டில் ஊதுபத்தி, சாம்பிராணி ஏற்றுவதால் கிடைக்கும் மன அமைதி பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெரும்பகுதி சரிதான். ஆனால் ‘கதவு, ஜன்னல்களைச் சாத்திவிட்டு, புகை அறை முழுக்க நிறைந்ததும் மூச்சை ஆழமாக இழுங்கள்’ என்ற வரியைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. மனதுக்கு இதம் தருவது வாசனை. மார்பை அடைப்பது புகை. இரண்டும் ஒரே குச்சியிலிருந்து வருவதால் இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றிவிடுகிறது.

ஊதுபத்தி என்பது கரித்தூள், மரத்தூள், ஒட்டுவதற்கான ஜிகட் என்ற மரப்பட்டைத் தூள் மூன்றையும் பிசைந்து, மூங்கில் குச்சியில் உருட்டிக் காயவைத்தது. பெரும்பாலான பத்திகளுக்கு வாசனை கடைசியில்தான் ஏறுகிறது. காய்ந்த வெறும் பத்தியை, தைலமும் கரைப்பானும் கலந்த திரவத்தில் முக்கி எடுப்பார்கள். மசாலா பத்தியில் மட்டும் பிசின், வேர், பட்டை எல்லாம் மாவோடு சேர்த்தே பிசையப்படும். எந்த வகையானாலும் எரிவதில் பெரும்பங்கு மரமும் கரியும்தான். எனவே அதன் புகை விறகுப் புகைக்குத் தங்கை முறை. அட்டையில் ‘இயற்கைப் பொருள்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம், விறகும் இயற்கைதான்.

ஒரு கிராம் ஊதுபத்தி எரிந்தால் 45 மில்லிகிராமுக்கு மேல் நுண்துகள் வெளிவருகிறது, சிகரெட்டில் இது சுமார் 10 மில்லிகிராம் என்று 1996-ல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. சிகரெட்டைப் போல இதை நேராக வாயில் வைத்து இழுப்பதில்லை, உண்மைதான். ஆனால் ஜன்னலைச் சாத்தினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் 3 மீட்டர் உள்ள அறையில் 27 கன மீட்டர் காற்று. ஒரே ஒரு கிராம் எரிந்து, துகள் எதுவும் வெளியேறாமல் நின்றால் கன மீட்டருக்கு 1,600 மைக்ரோகிராமுக்கு மேல். சுவரில் படிந்தது, இடுக்கில் கசிந்தது என்று பாதியைக் கழித்தாலும் 800. நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வைத்த வரம்பு, 24 மணி நேரச் சராசரியாக, 15.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. 61,000-க்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் கவனித்து 2008-ல் வெளியான சிங்கப்பூர் ஆய்வு, நீண்டகாலம் ஊதுபத்திப் புகையில் இருந்தவர்களுக்கு மேல் சுவாசப் பாதைப் புற்றுநோய்கள் கூடியிருப்பதைக் கண்டது; அதே ஆய்வில் நுரையீரல் புற்றுநோய் ஒட்டுமொத்தமாகக் கூடவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

பலன் பக்கத்துக்கும் இதே நியாயம் வேண்டும். குங்கிலிய வகை மரப் பிசினிலிருந்து எடுத்த இன்சென்சோல் அசிடேட் என்ற பொருள் எலிகளின் பதற்றத்தைக் குறைத்ததாக 2008-ல் வந்த ஆய்வை எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். அந்த எலிகளுக்கு யாரும் புகை போடவில்லை. பொருளைத் தனியே பிரித்து ஊசியில் ஏற்றினார்கள். நமக்குக் கிடைக்கும் அமைதிக்கு அதைவிட எளிய காரணம் உண்டு. மூளையில் மணத்தை அறியும் பாதை, உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் பகுதிகளை ஒட்டியே போகிறது. தினமும் ஒரே வாசனையோடு அமர்ந்தால் அந்த வாசனையே மனதை அடக்கிவிடும்.

அதற்கு முழுப் பத்தி தேவையில்லை. மூக்கு எந்த வாசனைக்கும் சில நிமிடங்களில் பழகிவிடும். ‘மணமே தெரியவில்லையே’ என்று இரண்டாவது பத்தியை ஏற்றினால் புகைதான் கூடும். 8, 9 அங்குலப் பத்தி ஏறக்குறைய அரை மணி முதல் முக்கால் மணி வரை எரியும். அதில் ஐந்து முதல் ஏழு நிமிடம் போதும். எதிரெதிராக இரண்டு திறப்புகள் இருக்கட்டும். காற்று வெளியேறும் பக்கத்தில் பத்தியை வையுங்கள். பிறகு நுனியை உலர்ந்த மணலில் அழுத்தி அணைத்து, வெளியே எடுத்து, சிவப்பு மிச்சமிருக்கிறதா என்று இருட்டில் ஒருமுறை பாருங்கள். தண்ணீரில் முக்கினால் அடுத்த முறை பிடிக்காது. கால் மணி நேரம் அறையை விட்டு வெளியே இருந்துவிட்டு உள்ளே வாருங்கள். புகை போயிருக்கும், துணியிலும் மரத்திலும் தங்கிய மணம், ஓய்வெடுத்த மூக்குக்குப் புதிதாகத் தெரியும். உட்கார வேண்டிய நேரம் அதுதான்.

ஏற்றுவதிலும் பக்குவம் உண்டு. தீ நுனியைப் பிடித்துச் சில நொடிகள் நின்ற பிறகே அணைக்க வேண்டும். அவசரப்பட்டால் கங்கு பிடிக்காமல் அவிந்துவிடும். தீயை விட்டுவைத்தால் தைலம் கருகிக் கரிப்புகை வரும். ஈரம் ஏறிய பத்தி அடிக்கடி அவிந்து, அதிகமாகப் புகையும். மின்விசிறிக்கு நேர்கீழே வைத்தால் சீக்கிரம் எரிந்து, சாம்பல் கங்கோடு பறக்கும். ஸ்டாண்டின் ஓட்டை பெரிதானால் பத்தி சாயும். சாய்ந்த பத்தியின் நுனியிலிருந்து அடிவரை, முழு நீளத்துக்கும் கீழே தட்டு இருக்க வேண்டும். திரைச்சீலை ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். மேலே பலகை உள்ள மாடத்துக்குள் வைக்காதீர்கள். அந்தப் பலகையின் அடியில் விரலை வைத்துத் தேய்த்தால் ஒட்டும் பழுப்புப் பிசுக்குதான் நம் மூச்சிலும் போகிறது.

சாம்பிராணிக்குக் கரித்துண்டு வேண்டும் என்பதால் கூடுதல் கவனம் தேவை. தூபக்காலில் இரண்டு, மூன்று செ.மீ. மணலோ சாம்பலோ பரப்பாவிட்டால் அடி சுட்டு மேசை கருகும். சட்டென்று பற்றும் வட்டக் கரியில் பொட்டாசியம் நைட்ரேட் கலந்திருக்கும். பொறி ஓடி அடங்கி, மேலே சாம்பல் பூக்கும்வரை ஜன்னலோரம் இடுக்கியில் பிடித்துக்கொள்ளுங்கள். பிசினை நேராகத் தணலில் போட்டால் மணம் வருவதற்குள் கருகிவிடும். தணல் மேல் மெல்லிய சாம்பல் போர்வை, அதன்மேல் பட்டாணி அளவு பிசின். உருகிக் குமிழிட்டு, நிறம் கறுத்து, மணம் காரமாக மாறும்போது எடுத்துவிட வேண்டும். கரி, கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவை விடும். அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. தணல் இருக்கும் அறையில் தூங்கவே கூடாது. மேலே சாம்பல் பூத்த கரி உள்ளே மணிக்கணக்கில் கனலும் என்பதால் அதைக் குப்பைக்கூடையில் கொட்டக் கூடாது.

‘புகையில்லாப் பத்தி’ கண்ணுக்குத் தெரியும் புகையைத்தான் குறைக்கும். காற்றுச் சுத்திகரிப்பான் துகளைப் பிடிக்கும். வாயுவைப் பிடிக்க அதில் ‘ஆக்டிவேட்டட் கார்பன்’ எனும், வாயுவை உறிஞ்சும் கரி வடிகட்டியும் வேண்டும்.

ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய், இதய நோய் உள்ளவர்கள், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள் இருக்கும் அறையில் ஏற்றாமல் இருப்பதே நல்லது. கூண்டுப் பறவை புகையைத் தாங்காது. ஆக்சிஜன் வைத்திருக்கும் நோயாளியின் அறையில் ஒரு கங்குகூடக் கூடாது.

அந்தக் கட்டுரையை வெட்டி வைத்துக்கொண்டு அப்படியே செய்பவர்கள் இருப்பார்கள். ‘ஜன்னலைச் சாத்துங்கள்’ என்பதை ‘திறந்து வையுங்கள்’ என்று மாற்றி, அதே பக்கத்தில் ஒரு திருத்தம் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பத்தித் தொழிலில் இருக்கும் ஒரு வாசகர்