கனாஸ்டா ஆட வருபவர்களுக்கு

ரம்மி ஆடிப் பழகியவர்கள் முதலில் வரிசை சேர்ப்பதை மறந்துவிடுங்கள். இதில் ஒரே எண் சீட்டுகள்தான் சேரும். ஏழு சேர்ந்தால் ஒரு கனாஸ்டா. ஜோக்கர் கலக்காததற்கு 500 புள்ளி, கலந்ததற்கு 300. 2 எண் சீட்டும் ஜோக்கர்தான். நான்கு பேர், எதிரெதிரே பார்ட்னர்கள், 108 சீட்டு, ஆளுக்கு 11. முதல் இறக்கத்துக்கு, அதாவது சேர்த்த சீட்டுகளை முதல் முறை மேசையில் வைக்க, குறைந்தது 50 புள்ளி வேண்டும். ஸ்கோர் 1500 எட்டினால் அதற்கு 90 வேண்டும், 3000 எட்டினால் 120. முதலில் 5000 தொடுபவர்களுக்கு வெற்றி.

கழித்த சீட்டுக் குவியல்தான் ஆட்டத்தின் உயிர். மேல் சீட்டின் எண்ணிலேயே இரண்டு கையில் இருந்தால், முதல் இறக்கம் முடிந்தபின், மொத்தத்தையும் அள்ளலாம். அடுத்தவர் அள்ளிவிடுவார் என்று தோன்றினால் கறுப்பு மூன்றைப் போடுங்கள். அந்த முறை அவரால் குவியலைத் தொட முடியாது. அப்புறம், கைச்சீட்டைத் தீர்த்து ஆட்டத்தை முடிக்கும் முன் பார்ட்னரிடம் "முடிக்கவா?" என்று கேட்கலாம். கேட்டால் அவர் சொல்வதுதான் முடிவு. கண்ஜாடை, இருமல் எல்லாம் கணக்கில் வராது, சரியா?