நடைபாதையில விழுந்தா யார்கிட்ட கேக்கறது?

ஆசிரியருக்கு, உடைஞ்ச நடைபாதைகள் பத்தி நீங்க போட்ட செய்தியைப் படிச்சேன். ஒழுங்கான பிளாட்பாரம் அரசியல் சட்டம் 21-வது பிரிவு தர்ற உயிர் வாழும் உரிமையில சேர்ந்ததுன்னு சுப்ரீம் கோர்ட் 2025 மே மாசமே சொல்லிடுச்சு, ஆனா விழுந்து அடிபட்டவங்களுக்கு வழி என்ன? எங்க தெருவுல மழைநீர் வடிகால் ஸ்லாப் உடைஞ்சு அதுல கால் மாட்டி எங்கம்மா விழுந்தாங்க, மணிக்கட்டுல எலும்பு முறிவு, நகராட்சியில புகார் குடுத்தா 'சரிசெய்யப்பட்டது'ன்னு மெசேஜ் வருது, ஸ்லாப் அப்படியே கிடக்கு, ஆஸ்பத்திரி செலவைக் கேட்டா கோர்ட்டுக்குப் போங்கன்றாங்க. வயசானவங்க இதுக்காக கோர்ட் படி ஏறணுமா, இது நியாயமே இல்ல.

நஷ்டஈடு மனுவை நகராட்சியே வாங்கி, இன்ன தேதிக்குள்ள பதில்னு எழுதிக் குடுக்கணும். சரிசெஞ்ச இடத்தோட போட்டோவும் புகார் குடுத்தவரோட ஒப்புதலும் இல்லாம எந்தப் புகாரையும் முடிக்கக் கூடாது.