சைக்கிள் விழாவும் பிரேக் கட்டையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத்தில் சைக்கிள் விழா நடத்துகிறவர்கள் கிண்ணம், டீசேர்ட், மேடை, ஒலிபெருக்கி எல்லாவற்றுக்கும் ஆள் வைக்கிறார்கள். காலையில் வந்து சேரும் வண்டிகளின் பிரேக்கைப் பார்க்க ஆள் வைப்பதில்லை. யாழ்ப்பாணத்துச் சமதரையில் இது பரவாயில்லை. நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. போட்டிக்காரரோ பொழுதுபோக்குக்கு வந்தவரோ, ஏறியவர் எல்லாம் இறங்கித்தான் ஆகவேண்டும்.

ஆளும் வண்டியுமாக 80 கிலோ, 100 மீற்றர் உயரத்தைப் பிரேக் பிடித்தபடியே இறங்கினால் உண்டாகும் வெப்பம் ஒரு பெரிய கப் தேத்தண்ணிக்கு நீர் கொதிக்கவைக்கப் போதும். லபுக்கலையிலிருந்து இறம்பொடைப் பக்கம் இறங்குகிறவருடைய ரிம் இப்படிப் பல கப் வெப்பத்தை வாங்குகிறது. கட்டையை விடாமல் தேய்த்துக்கொண்டே வந்தால் ரிம் சுட்டு, டியூபில் போட்ட பழைய ஒட்டுக் கழன்று, வளைவிலே காற்றுப் போய்விடும். வளைவுக்கு முன்பு இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைக்க வேண்டும். வளைவுக்குள் விட்டுவிட வேண்டும். விட்ட நேரத்தில்தான் ரிம் ஆறும்.

குரோமியம் பூசிய இரும்பு ரிம் உள்ள பழைய வண்டிகள் இன்னொரு தொல்லை. நனைந்தால் அந்த ரிம்மில் ரப்பர் கட்டை வழுக்கும், பிடிக்காது. மழையிலோ பனிமூட்டத்திலோ வளைவு வருமுன்பே பிரேக்கை இலேசாகத் தொட்டு ஈரத்தைத் துடைத்துக்கொள்ளத் தெரியாதவரை இறக்கத்தில் விடக்கூடாது. அலுமினிய ரிம் இதைவிட எவ்வளவோ மேல்.

பரிசோதனைக்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. ஒரு மேசை, இரண்டு பேர், ஒரு வண்டிக்கு 2 நிமிடம். பிரேக் பிடியை முழுக்க இழுத்தாலும் ஹேண்டிலுக்கும் பிடிக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டும். கட்டையில் வெட்டிய கோடுகள் தேய்ந்து மறைந்திருந்தால் கட்டையை மாற்றவேண்டும். பிரேக் கம்பியில் ஒரு இழை அறுந்திருந்தாலும் அந்த வண்டி மலையேறாமல் நுவரெலியாவின் கிரகரி வாவிக்கரையோடு நிற்கட்டும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் ஹேண்டில் கழுத்து ஆடுகிறதா என்று கையிலேயே தெரியும். சக்கர நட்டு இறுக்கமா என்பதைக் கடைசியில் பாருங்கள். அதிகம் மறப்பது அதைத்தான்.

ஏற்றத்துக்குச் சங்கிலிச் சக்கரத்தின் பல் கணக்கு. முன்னால் 44 பல், பின்னால் 18 பல் உள்ள கியர் இல்லாத வண்டியில் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 5 மீற்றர் போகும். முன்னும் பின்னும் 34 பல் என்றால் 2 மீற்றர்தான்; அதனால்தான் கால் தாங்குகிறது. கியர் இல்லாத வண்டிக்காரரை மலைப்பாதைச் சவாரியில் சேர்த்துவிட்டுப் பாதி வழியில் தள்ளவைப்பது நியாயமில்லை. அவர்களுக்குக் கிரகரி வாவியைச் சுற்றி ஒரு சவாரி போதும், அதுவே அழகு.

பார்க்க வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. போட்டியை ஏற்றத்தில் நின்று பாருங்கள். சமதரையில் கூட்டம் ஒரு நொடியில் பறந்துவிடும். ஏற்றத்தில் முகத்தின் வியர்வைகூடத் தெரியும். ஒன்றுக்கு மேல் ஒன்றாக ரோட்டு மடியும் கொண்டைவளைவுப் பக்கம் என்றால், கீழே ஒருமுறை, மேலே ஒருமுறை என ஒரே ஆளை இரண்டு தடவை பார்க்கலாம். (புல்லில் உட்காருமுன் அட்டையைக் கவனியுங்கள்.) இறக்கத்து வளைவின் வெளிப்பக்கத்தில் மட்டும் எவரும் நிற்கக்கூடாது. தடம் தவறும் சக்கரம் அங்கேதான் வரும். 2024 ஏப்ரலில் தியத்தலாவை பொக்ஸ் ஹில் கார்ப் பந்தயத்தில் ஓடுபாதையை விட்டு விலகிய கார் மோதி 7 பேர் இறந்தார்கள். சைக்கிளுக்கு அந்த எடை இல்லை. ஆனால் 50 கிலோமீற்றர் வேகத்தில் வந்தால் அதுவும் எலும்பை முறிக்கும்.

முதல்நாள் மாலை வளைவுகளை ஒருவர் நடந்தே பார்க்க வேண்டும். பஸ் சிந்திய டீசல், கொழுந்து லொறியிலிருந்து விழுந்த ஈர இலை, மேட்டிலிருந்து கரைந்து வந்த செம்மண், கான் ஓரத்துப் பாசி எல்லாம் காரில் போகிறவர் கண்ணில் படாது. டீசல் மேல் மரத்தூள் போட்டுக் கூட்டி அள்ள வேண்டும். தண்ணீர் ஊற்றினால் இன்னும் பரவும்.

திகதியும் முக்கியம். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அதே காலத்தின் நடுப்பகுதியில் வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் பெரும்பாலும் காய்ந்து கிடக்கும். ஏப்ரலில் என்றால் காலை தெளிந்திருந்தாலும் பின்னேரம் இடிமழை வரும். 7 மணிக்குத் தொடங்கி 11 மணிக்குள் கடைசி ஓட்டத்தை முடித்துவிடுங்கள். விருந்தினர் பிந்தி வந்தால் பிந்தியே வரட்டும். கிண்ணத்தை மழையிலும் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
சைக்கிள் ஓட்டும் வாசகர்கள் சிலர்,
நானுஓயா