மாமல்லபுரத்துக்கு ஒருநாள் டூர் நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலிருந்து வேன் வைத்து மாமல்லபுரம் காட்டுகிற டிராவல்ஸ்காரர்களே, வணக்கம்.

போன மாதம் உங்களில் ஒருவருடைய வண்டியில்தான் குடும்பத்தோடு வந்தேன். கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், அர்ஜுனன் தபசு, அப்புறம் வெண்ணெய் உருண்டை என்கிற பெரிய பாறையைத் தள்ளுவதுபோல ஆளுக்கொரு போட்டோ. எல்லாம் சேர்ந்தே இரண்டு மணி நேரம்தான். ஆனால் கிளிஞ்சல் பொம்மைக் கடையில் மட்டும் முக்கால் மணி நேரம் நின்றோம். ஏன் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அதை விடுங்கள்.

என் வருத்தம் வேறு. ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரும்போது ஊருக்கு ஐந்து கிலோமீட்டர் முன்னாலேயே சாளுவன்குப்பம் வருகிறது. புலிக்குகை அங்கேதான். "இங்கே நிறுத்துங்களேன்" என்று கேட்டேன். "அங்கே ஒண்ணும் இல்ல சார்" என்றார் டிரைவர், வண்டியும் நிற்காமல் போய்விட்டது. ஒன்றுமில்லையா? ஒரே பாறை, நடுவில் சின்ன மண்டபம், அதைச் சுற்றி வாயைப் பிளந்துகொண்டு பதினோரு யாளித் தலைகள். பக்கத்திலேயே யானைத் தலைகள், பாதி வேலையோடு விட்டது. அதே வளாகத்தில் அதிரணசண்ட மண்டபம். பார்க்க எளிமையானது, ஆனால் அங்கே ஒரே கல்வெட்டை ஒரு பக்கச் சுவரில் கிரந்த எழுத்திலும் எதிர்ப்பக்கச் சுவரில் நாகரி எழுத்திலும் வெட்டி வைத்திருக்கிறார்கள். இருமொழி பெயர்ப்பலகை பார்த்துப் பழகிய நமக்கே கொஞ்சம் வியப்பாக இருக்கும்.

அங்கிருந்து கொஞ்சம் தள்ளி முருகன் கோயில். 2004 சுனாமி மணலை அரித்துக்கொண்டு போனதில் பாறையில் கல்வெட்டு வெளியே தெரிய, அதைப் பிடித்துக்கொண்டு 2005-ல் தோண்டியபோது கிடைத்தது இது. மேலே பல்லவர் காலத்துக் கருங்கல் வேலை, அடியில் அதற்கும் பழைய செங்கல் கட்டடம், சங்க காலத்தது என்று தொல்லியல் துறையினர் சொல்கிறார்கள். முன்னால் ஒரு கல் வேல். கூரையோ கோபுரமோ கிடையாது, அடித்தளம்தான். அதனால் சும்மா இறக்கிவிட்டால் யாருக்கும் பிடிக்காது, இந்தச் சுனாமிக் கதையை வண்டியிலேயே சொல்லிவிட்டு இறக்கினால் யாரும் அவ்வளவு சீக்கிரம் திரும்பி ஏற மாட்டார்கள்.

ஊருக்குள்ளேயும் ஒன்று. ஐந்து ரதம், ஐந்து ரதம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம், ஒற்றைக்கல் ரதங்கள் மொத்தம் ஒன்பது. கணேச ரதம் வெண்ணெய் உருண்டைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அதைக்கூடப் பாதி வண்டிகள் காட்டுவதில்லை. மீதி மூன்றில் இரண்டு பிடாரி ரதங்கள், ஒன்று வலையன்குட்டை ரதம், மூன்றும் ஊரின் மேற்குப் பக்கம். மூன்றுமே செதுக்கி முடிக்காதவை. எனக்கு ஐந்து ரதத்தைவிட இவைதான் பிடிக்கும். ஏனென்றால் மேலே சிகரம் அழகாக முடிந்திருக்கும், கீழே பார்த்தால் வெறும் பாறை. உச்சியிலிருந்து கீழ்நோக்கித்தான் செதுக்கிக்கொண்டு வந்தார்கள் என்பது யாரும் விளக்காமலே புரிந்துவிடும். பெரிய பஸ் உள்ளே போகாது என்றால் பரவாயில்லை, அர்ஜுனன் தபசிலிருந்து நடக்கிற தூரம்தான்.

இன்னும் நேரம் இருக்கிறவர்களுக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்கோட்டை, உள்ளே அவர்களுடைய கல்லறைகள். மேற்கே திருக்கழுக்குன்றம் மலையில் ஒருகல் மண்டபம். அந்த மண்டபத்துத் தூணில் 17-ம் நூற்றாண்டில் வந்த டச்சுக்காரர்கள் தங்கள் பெயரைக் கிறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். சுற்றுலா போன இடத்தில் பெயர் எழுதுகிற வியாதி நம்மோடு தொடங்கவில்லை போல.

எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டச் சொல்லவில்லை. உச்சி வெயிலில் பாறை மேல் நிற்க முடியாது, வயதானவர்களும் வருவார்கள், மதியச் சாப்பாட்டுக்கு நேரம் வேண்டும், தெரியும். போகிற வழியில் இருக்கிற சாளுவன்குப்பத்தில் காலை வெயில் ஏறுவதற்குள் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். அந்த நேரத்தைக் கடையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கமிஷன் போகிறதே என்றால் டிக்கெட்டில் ஐம்பது ரூபாய் கூட்டிக்கொள்ளுங்கள், தருகிறோம்.

பொங்கல் லீவுக்கு ஊரிலிருந்து பன்னிரண்டு பேர் வருகிறார்கள், வேன் நான்தான் பேச வேண்டும். போன் எடுத்ததும் "புலிக்குகையில் நிறுத்துவீர்களா?" என்றுதான் கேட்பேன்.