சங்குப்பூ ஜெல்லி கலர் விஷயமா நம்ம வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

எல்லாருக்கும் வணக்கம்.

ரெண்டு வாரமா ஃபோனை எடுத்தாலே ஒரே கேள்விதான் வருது, ஒவ்வொருத்தருக்கா தனித்தனியா பதில் போட்டு முடியல, அதனால எல்லாருக்கும் சேர்த்து எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க. நம்ம சங்குப்பூ ஜெல்லி ரெண்டு பாட்டிலை பக்கத்துல பக்கத்துல வெச்சு, இது ஊதா இது நீலம், பூவுல பண்ணியிருந்தா ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கணும், இது கலர் பொடிதான்னு ஒருத்தர் வீடியோ போட்டிருக்காரு. நீங்க நிறைய பேர் பார்த்துட்டீங்க. சில பேர் எனக்கே அனுப்பி "இது உண்மையா?"ன்னு கேட்டீங்க. நேரா கேட்டதுக்கு நன்றிங்க. கேக்காம ஒதுங்கிட்டவங்களும் இருப்பாங்க, அவங்களுக்கும் சேர்த்துதான் இந்த மடல்.

நாங்க கலர் போடறதில்ல. ஆரம்பிச்ச நாள்ல இருந்து ஒரு சொட்டு கூட போட்டதில்ல. பூ, தண்ணி, சக்கரை, எலுமிச்சைச் சாறு, ஜெல்லியை உறைய வெக்கற பெக்டின், இது அஞ்சும்தான் பாட்டிலுக்குள்ள இருக்கு, லேபிள்லயும் அதுதான் இருக்கு.

அப்ப ஏன் ரெண்டு கலர்? சங்குப்பூவோட நிறம் ஆந்தோசயனின்ங்கற இயற்கை நிறமி வகையைச் சேர்ந்தது, புளிப்பு எவ்வளவு இருக்கோ அதுக்கு ஏத்த மாதிரி அது மாறும். வெந்நீர்ல இதழைப் போட்டு மூடி வெச்சு எடுத்தா நல்ல நீலம், பார்க்கவே அவ்வளவு அழகா இருக்கும். அதுல எலுமிச்சை விட விட ஊதாவா திரும்பும், நிறைய விட்டா இளஞ்சிவப்பு பக்கமா போயிடும், அதே நீலத் தண்ணியில சோடா உப்பு போட்டா பச்சை தட்டும். கடையில வாங்கற நீலக் கலர் பொடிக்கு இந்த வேலையே தெரியாது, எலுமிச்சை பிழிஞ்சாலும் அது நீலமாவேதான் நிக்கும். நாங்க பொடி போட்டிருந்தா ரெண்டு பாட்டிலும் அச்சு அசலா ஒண்ணா இருந்திருக்கும்ங்க. எதை வெச்சு கலர் பொடின்னு சொல்றாங்களோ அதுவேதான் பூங்கறதுக்கு சாட்சி. நம்பிக்கை வரலைன்னா உங்க வீட்டு பாட்டில்லயே பாருங்க, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணியில ஒரு ஸ்பூன் ஜெல்லியைக் கரைச்சு ஒரு சிட்டிகை சோடா உப்பு போடுங்க, நீலத்துக்குப் போகும், அப்புறம் எலுமிச்சை பிழியுங்க, ஊதாவுக்குத் திரும்பி வந்துடும். எங்க பாட்டில் எதை எடுத்து வேணும்னாலும் பண்ணிப் பாருங்க.

ரோஜா ஜெல்லிக்கும் இதே சந்தேகம் முன்னாடி வந்திருக்கு. இதழை ஊற வெச்ச தண்ணி மங்கலா, சாயம் போன துணி மாதிரி இருக்கும், பார்த்தா இதுல என்ன ஜெல்லி வரப்போகுதுன்னு தோணும். எலுமிச்சை விட்ட அடுத்த நொடி பளிச்சுன்னு ரோஜாக் கலர் வரும். இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் அந்த நேரத்துல நான் வேற வேலை பார்க்க மாட்டேன், பாத்திரத்துகிட்டயே நின்னு பார்ப்பேன். அதைப் போய் பொடின்னு சொன்னா மனசு எப்படி இருக்கும் சொல்லுங்க. நாலு நாள் சரியா தூங்கலைங்க.

சரி, ஆனா எப்பவும் ஊதாவா வர்றது இந்தத் தடவை மட்டும் ஏன் நீலமா வந்துச்சுன்னா, அது எங்க தப்பு, அதை மறைக்கல. உங்களுக்குத் தெரியும், நம்ம கூட முதல்ல இருந்து இருந்த அக்கா அவங்க பொண்ணு கூட இருக்கறதுக்காக ஊரை விட்டுப் போயிட்டாங்க. விடியக்காலை பனி காஞ்சதும் பூப் பறிக்கறது, காம்பையும் நடுவுல இருக்கற மகரந்தத் தண்டையும் கிள்ளி எடுக்கறது, சாறுல எலுமிச்சை விட்டு நாக்குல ஒரு சொட்டு வெச்சே போதும் போதாதுன்னு சொல்றது, எல்லாம் அவங்க கைதான். அவங்க இருந்ததால நான் எதையும் எழுதி வெக்கல. புதுசா வந்த பொண்ணுகிட்ட ஆறு பழம் பிழியணும்னு சொன்னேன், அவளும் ஆறு பழம்தான் பிழிஞ்சா, ஆனா அன்னைக்கு வந்த பழம் சின்னது, சாறும் இல்ல புளிப்பும் இல்ல. அவ மேல ஒரு குத்தமும் கிடையாது, எலுமிச்சையை எண்ணிக்கையில சொல்லக் கூடாது, மில்லி கணக்குல சொல்லணும், அது எனக்குத் தெரிஞ்சிருக்கணும்.

அந்த நீல பாட்டில் வாங்கினவங்க கெட்டியாவும் இல்லை, ஸ்பூன்ல எடுத்தா வழியுதுன்னு சொன்னீங்க இல்ல, ரெண்டுக்கும் காரணம் ஒண்ணேதான். பூவுல பெக்டினே கிடையாதுன்னு சொல்லலாம், அதனால ஆப்பிள் சக்கையில இருந்தோ எலுமிச்சை ஆரஞ்சு தோல்ல இருந்தோ எடுக்கற பெக்டினை நாம சேர்க்கறோம். அந்த பெக்டின் வலை பின்னி நிக்கணும்னா சக்கரையும் வேணும் புளிப்பும் வேணும், ஒண்ணு குறைஞ்சாலும் இளகித்தான் இருக்கும். மிச்சம் இருந்த பாட்டிலை, புளிப்பை அளக்கற பி.எச். மீட்டர் வாங்கி வெச்சுப் பார்த்தேன் (நம்பர் குறையக் குறைய புளிப்பு ஜாஸ்தி), 3.9 காட்டுச்சு, நமக்கு வழக்கமா வேண்டியது 3.2 பக்கம். சாப்பிட ஒரு பயமும் இல்ல, 4.6க்கு கீழ இருக்கற வரைக்கும் மூடின பாட்டில்ல விஷம் உண்டாக்கற பொட்டுலிசம் கிருமி வளராது, ஜெல்லியா நிக்கலை அவ்வளவுதான். ஆனா நீங்க வாங்கினது ஜெல்லி, பாகு இல்ல. அந்த பேட்ச் பாட்டில் வெச்சிருக்கற எல்லாரும் திருப்பிக் குடுங்க, பாதி சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்ல, வேற தர்றேன், வேண்டாம்னா காசைத் தர்றேன். இனிமே ஒவ்வொரு பேட்சுக்கும் மீட்டர்ல பார்த்து நோட்டுல எழுதிட்டுத்தான் பாட்டில்ல ஊத்தறோம்.

இதோட இன்னொரு பேச்சும் சேர்ந்து வந்துச்சு, ஜெலட்டின் போடறோம்னு. சைவம் சாப்பிடறவங்க பல பேர் நம்மகிட்ட வாங்கறீங்க, இதை நான் எப்படி விளையாட்டா எடுத்துக்க முடியும்? ஜெலட்டின் மாட்டுல பன்னியில இருந்து வர்றது, அது குளிர்லதான் உறையும், நல்ல வெயில் காலத்துல மேஜை மேல வெச்சா இளகித் தண்ணியாயிடும். நம்ம பாட்டிலை வெளியில வெச்சுப் பாருங்க, அப்படியே நிக்கும். பெக்டின் செடியில இருந்து வர்றது, முழுக்க சைவம்.

சக்கரையைக் குறைக்கச் சொல்லி கேக்கறவங்களுக்கு, பிடிவாதத்துல மாட்டேங்கலைங்க, நாம போடற பெக்டினுக்கு ஜெல்லி எடையில பாதிக்கு மேல சக்கரை இருந்தாத்தான் கெட்டியாகும், ரொம்ப நாள் கெடாம இருக்கறதுக்கும் அதுதான் காரணம். கால்சியம் சேர்த்து உறைய வெக்கற வேற வகை பெக்டின் இருக்கு, அதுல சக்கரை கம்மியா பண்ணலாம். பண்ணியும் பார்த்தேன், வாசனை நல்லா தூக்கலா இருக்கு, ஆனா திறந்துட்டா சீக்கிரம் காலி பண்ணணும். மனசுக்கு முழுசா பிடிச்சதும் சொல்றேன்.

பூப் பறிக்க ஆள் கம்மியானதால ரோஜா ஜெல்லி கொஞ்ச நாளைக்கு வராது. ஒவ்வொரு இதழோட அடியிலயும் வெள்ளையா ஒரு துளி இருக்கும் பாருங்க, அது கசப்பு, அதை ஒவ்வொண்ணா கத்திரியில நறுக்கணும், ஒரு கூடைக்கு ரெண்டு பேர் அரை நாள் உக்காரணும். அதை நறுக்காம விட்டு உங்களுக்குக் குடுக்க எனக்கு இஷ்டமில்ல. செம்பருத்தியும் சங்குப்பூவும் எப்பவும் போல வரும். மழை நாள்ல மட்டும் பறிக்க மாட்டோம், வாசனையும் போயிடும், இதழும் சீக்கிரம் அழுகிடும். பூக்கடையில வாங்கிப் பண்ணக் கூடாதான்னு கேட்டவங்களுக்கு, கூடாதுங்க, அது பார்க்கறதுக்கு வளர்த்த பூ, அதுல என்ன மருந்து அடிச்சாங்கன்னு யாருக்கும் தெரியாது. நம்ம தோட்டத்துல மருந்தே அடிக்கறதில்ல, பூச்சி தின்னது போக மிச்சம்தான் நமக்கு.

சக்கரை, பெக்டின், கண்ணாடி பாட்டில் எல்லாமே ஏறிப் போச்சு, பாட்டில் குடுக்கறவரும் பழைய மாடல் வர்றதில்லன்னுட்டாரு, அதனால இந்த மாசத்துல இருந்து 250 கிராமுக்குப் பதிலா 200 கிராம் பாட்டில்ல வரும், விலை மாத்தல, மூடி முன்னாடிய விட நல்லா இறுக்கமா இருக்கு.

வீட்டுலயே பண்ணிப் பார்க்கறேன்னு சொன்னவங்களுக்கு நான் எப்பவும் சொல்றதுதான், தாராளமா பண்ணுங்க, எனக்கு சந்தோஷம். பூ என்ன பூன்னு நூத்துக்கு நூறு தெரிஞ்சா மட்டும் தொடுங்க. அரளி, ஊமத்தை, செங்காந்தள் எல்லாம் எவ்வளவு அழகா இருந்தாலும் விஷம், கிட்டயே போகாதீங்க. மகரந்தம் ஒத்துக்காதவங்க வீட்டுல இருந்தா நடுத்தண்டை ஒண்ணு விடாம எடுத்துடுங்க. ரெண்டு கப் இதழுக்கு ரெண்டேகால் கப் கொதிக்கற தண்ணியை ஊத்தி மூடி வெச்சுடுங்க, இதழை அடுப்புல வெச்சுக் கொதிக்க விட்டா வாசனை எல்லாம் ஆவியோட போயிடும். ஆறினதும் மெல்லிய துணியில வடிகட்டுங்க, பிழிஞ்சா கலங்கும், தானா வடியட்டும். அதுக்கு கால் கப் எலுமிச்சைச் சாறு. பெக்டின் பொடியா இருந்தா சக்கரைக்கு முன்னாடி, திரவமா இருந்தா சக்கரை கொதிச்ச பிறகு, சக்கரை எவ்வளவுங்கறத பாக்கெட்டுல போட்டிருக்கற மாதிரியே போடுங்க, அதுல கை வெக்காதீங்க. ஃப்ரீசர்ல வெச்ச தட்டுல ஒரு சொட்டு விட்டு விரலால தள்ளினா சுருக்கம் விழணும், அதுதான் பதம். தெர்மாமீட்டர் இருந்தா 104 டிகிரி செல்சியஸ், மலை மேல இருக்கறவங்களுக்கு அதைவிடக் குறைவு, அங்க தண்ணி கொதிக்கற சூட்டுக்கு மேல 4 டிகிரின்னு வெச்சுக்கோங்க. ஒரே நேரத்துல ரெண்டு மடங்கு போட்டு மிச்சம் பிடிக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க, கொதி வர நேரம் ஆகும், பெக்டின் கெட்டுப் போய் சரியா உறையாம போயிடலாம். பாட்டிலை 10 நிமிஷம் கொதிக்கற தண்ணியில போட்டு எடுத்து, சூடா இருக்கும்போதே ஊத்துங்க.

நம்மகிட்ட வாங்கறவங்க பாட்டிலை ஜன்னல் ஓரம் வெக்காதீங்க, வெளிச்சம் பட்டா அந்த ஊதா மெல்ல மெல்ல பழுப்பாயிடும், அதுக்கும் யாராவது வீடியோ எடுக்கறதுக்கு முன்னாடி சொல்லிடறேன், பூவோட நிறம்னா மங்கும். அலமாரிக்குள்ள இருட்டுல வெச்சுக்கோங்க, திறந்ததும் ஃப்ரிட்ஜ்.

அந்த வீடியோ வந்த அன்னைக்கு ராத்திரியே "நாங்க மூணு வருஷமா சாப்பிடறோம், நீங்க பயப்படாதீங்க"ன்னு மெசேஜ் போட்டவங்க, புதுசா ரெண்டு பாட்டில் ஆர்டர் போட்டுட்டு வேற ஒண்ணும் எழுதாம விட்டவங்க, காலி பாட்டிலைக் கழுவி பையில போட்டுக் கொண்டு வந்து குடுத்துட்டு அஞ்சு நிமிஷம் உக்காந்து பேசிட்டுப் போனவங்க, உங்க ஒருத்தரையும் மறக்க மாட்டேன். போன அக்காகிட்டயும் ஃபோன்ல சொன்னேன், "எலுமிச்சையை நாக்குல வெச்சுப் பார்க்கச் சொல்லு அந்தப் பொண்ணை"ன்னுதான் முதல்ல சொன்னாங்க. இப்ப மீட்டரும் பார்க்கறோம், நாக்குலயும் வெச்சுப் பார்க்கறோம்.

நீல பாட்டில் மாத்தறவங்க இந்த மாசக் கடைசிக்குள்ள சொல்லிடுங்க, சங்குப்பூ அடுத்த பேட்ச் பாத்திரத்துல இருக்கு.

அன்போட,
உங்க பூ ஜெல்லிக்காரங்க